மாடி வீட்டுப் பிள்ளை

வாடகைக்கு அவர்கள் இருந்தது மாடியில், வீட்டுக்காரர் கீழே. மனிதருக்குப் பாம்புச் செவி. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஓர் எட்டு அழுத்தி வைத்தால் போதும், கீழிருந்து கம்பால் இடிப்பார். "மெதுவாடி. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடப் போறாரு" என்று அம்மா பல்லைக் கடிப்பாள்.

பள்ளியில் விளையாட்டு விழா வந்தது. விசில் ஊதியதும் மற்றப் பிள்ளைகள் சிட்டாய்ப் பறந்தார்கள். இவள் மட்டும் நுனிக்காலில் பூனைபோல் நடந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்கு மானமே போயிற்று. கயிற்றோரமாக ஓடிப்போய், "ஓடேன்டி, காலுக்கு என்ன கேடு?" என்று சீறினாள்.

மகள் நின்றாள். மைதானத்து மண்ணைப் பயத்தோடு பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இங்க கீழ யாரும்மா இருக்காங்க?"