குழாய் திறக்காத காலை

அலுவலகத்தில் அவளைச் சென்சாரம்மா என்று கூப்பிடுவார்கள். அசைந்தால் அறிவது, நனைந்தால் அறிவது என்று சென்சார் எதுவானாலும் அது அவள் மேசைக்குத்தான் வரும். கணினியைத் திறக்குமுன் ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிடுவாள். பாஸ்வேர்டை மறந்துவிட்டு வேண்டிக்கொள்கிறாள் என்று பக்கத்து மேசைக்காரன் கேலி செய்வான். அவன் வாய் மூடாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

இருவரும் சேர்ந்து ஒரு கருவி செய்திருந்தார்கள். சமையலறைக் குழாயின் மேல் கட்டும் சிறிய பட்டை. தண்ணீர் ஓடும்போது குழாயில் ஏற்படும் அதிர்வை அது உணர்ந்து நெட்வொர்க் வழியே சர்வருக்குச் சொல்லும். இப்படிப்பட்ட கருவிகள் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மெயில் அனுப்பித் தள்ளினால் இரண்டாம் நாளே யாரும் படிக்க மாட்டார்கள். இது வாயே திறக்காது. வீட்டில் தனியாக இருப்பவர் வழக்கமாக எப்போது எழுந்து குழாயைத் திறக்கிறார் என்று கற்றுக்கொள்ளும். அந்த நேரம் கடந்தும் குழாய் திறக்காத காலையில் மட்டும் உறவினருக்கு ஒரு மெயில் போகும். இந்த யோசனை சென்சாரம்மாவுடையது. அந்த உறவினர் மெயிலைப் பிரிக்கவில்லை என்றால் அது தானாகவே அடுத்த உறவினருக்குப் போவது ரேடியோ பிற்பாடு சேர்த்தது.

காப்புரிமைக்கு விண்ணப்பம் தயாரானது. அதுவரை அவள் செய்த வேலைக்கெல்லாம் வேறு யாருடைய பெயரோ ஏறியிருந்தது. இந்த முறை கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் முதல் பெயர் அவளுடையது. அம்மாவுக்கு ஃபோன் செய்து சொன்னாள். சாயங்காலத்துக்குள் அம்மாவின் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

கம்பெனியின் காப்புரிமை வழக்கறிஞர் சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் அம்மையார். வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் வெளியாள் யாராவது இதைப் பயன்படுத்தியதுண்டா என்று கேட்டார். ரகசியம் காப்பதாக எழுதித் தராத ஒருவர் பயன்படுத்திவிட்டால் அது புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்றும் விளக்கினார்.

சென்சாரம்மாவுக்கு ஒரு குழாய் நினைவுக்கு வந்தது.

அவள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு மாமா தனியாக இருந்தார். சொந்த மாமா அல்ல, கூப்பிட்டுப் பழகிய மாமா. ஆயுசு முழுவதும் அச்சு இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்துக் காது போயிருந்தது. வெளியூரில் இருந்த மகள் ஃபோன் அடித்து அடித்து அலுத்து, கடைசியில் சென்சாரம்மாவைக் கூப்பிட்டு, அப்பா எழுந்துவிட்டாரா பார் என்பாள். அந்தத் தவிப்பைக் கேட்கப் பொறுக்காமல் ஒரு பட்டையை எடுத்துப் போய் மாமா வீட்டுக் குழாயில் மாட்டியிருந்தாள். கையெழுத்து வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அடுத்த வீட்டுக்குக் குழம்பு கொடுத்துவிட்டு யாராவது கையெழுத்துக் கேட்பார்களா?

வழக்கறிஞரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் அல்ல. இவள் பெயர் வர வேண்டும் என்று மேலிடத்தில் வாதாடியவரே அவர்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சோதனைக்காகத்தான் மாட்டினேன்னு சொல்லிடு, சோதனைன்னா சட்டத்துல விட்டுடுவாங்க. இன்னைக்கே கழட்டிட்டு வந்துடு. அவருக்கே காது கேக்காது, அவர்கிட்ட யாரு போய்க் கேக்கப் போறாங்க?"

அன்று சாயங்காலம் ஸ்க்ரூ டிரைவரோடு கீழ்த்தளத்துக்குப் போனாள். மாமா சமையலறைக்கு அழைத்துப் போய், குழாய்க்கு அடியில் இருந்த பாத்திரங்களை ஒதுக்கி வழிவிட்டார். காலையில் குழாயைத் திறக்கும்போது, எழுந்துவிட்டேன் என்று மகளிடம் சொல்வதுபோல் குழாயிடம் சொல்லிவிட்டுத்தான் திறப்பதாகச் சொன்னார். மகளுடைய ஆபீசில் எல்லாருக்கும் இது தெரியுமாம். தங்கள் அப்பாக்களுக்கும் வேண்டும் என்று எப்படி மாட்டுவது, எப்படி வேலை செய்கிறது என்றெல்லாம் விசாரித்தார்களாம். மகளும் தெரிந்ததைச் சொன்னாளாம்.

பிறகு அவளுடைய கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, ரிப்பேரா? சொல்லிட்டுக் கழட்டு. நாளைக்கு அவ பயந்துடுவா."

அவர் கத்திப் பேசுகிறவர். அன்று மெதுவாகச் சொன்னார்.

சென்சாரம்மா குழாய்க்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன வேண்டினாள் என்பது அவளுக்கும் அவளைப் படைத்தவனுக்கும் தெரிந்தது. கண் திறந்ததும் பட்டையின் தளர்ந்திருந்த திருகை இறுக்கிவிட்டு மேலே வந்தாள்.

மறுநாள் மேலாளரும் ரேடியோவும் கூட இருக்க, வழக்கறிஞரிடம், ஆமாம், வெளியாள் பயன்படுத்தினார், அது சோதனை அல்ல, இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று சொன்னாள். மகளின் ஆபீஸ் விஷயத்தையும் மறைக்கவில்லை. மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழாய் திறக்காவிட்டால் மெயில் அனுப்பும் முறை விண்ணப்பத்திலிருந்து நீங்கியது. அடுத்த உறவினருக்கு மெயில் மாறிப் போகும் பகுதி மாமா வீட்டில் இல்லை. வெளியே யாருக்கும் தெரியவும் தெரியாது. அதை மட்டும் வைத்து விண்ணப்பிக்கலாம் என்றார் வழக்கறிஞர். ஆனால் அதைக் கண்டுபிடித்தவன் ரேடியோ ஒருவன்தான்.

ரேடியோ அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"அதையும் நாம சேர்ந்து யோசிச்சோம்னு சொல்றேன்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"நீ யோசிச்சப்போ நான் லீவுல இருந்தேன்டா. உன் பேரைப் போடு. போய் வீட்ல சொல்லு."

வழக்கறிஞர் அவளுடைய பெயரின் மேல் கோடு போட்டார். நிதானமாக, கிழியாமல் போட்டார். மேலாளரும் ரேடியோவும் வெளியே போன பின்பும் அவர் எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடினார், திறந்தார்.

"எங்க அக்கா தனியாத்தான் இருக்கா. ஃபோன் பண்ணா எடுக்க மாட்டா, அவ்வளவு ரோஷம். ஒண்ணு மாட்டணும்னா உங்க கம்பெனியைக் கேக்கணுமா?"

சென்சாரம்மா யோசித்தாள். விண்ணப்பத்திலிருந்து நீங்கிய முறை வெளியே தெரிந்துவிட்டதால் இனி யாருக்கும் சொந்தமில்லை என்று சற்றுமுன் இதே அம்மையார்தான் விளக்கியிருந்தார்.

"வேண்டாம் மேடம். இனிமே யார் வேணும்னாலும் செஞ்சுக்கலாம்."

அம்மையார் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் கொடுத்தார். அவள் முதலில், அக்கா வீட்டுக் குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா என்று கேட்டாள். அதற்குப் பிறகு வரைய ஆரம்பித்தாள்.