நூற்று முப்பத்தொரு டிகிரி

பேனலின் முன்கதவைக் கழற்றச் சொல்லி சத்யபிரியா கேமராவை ஆன் செய்தபோது மணி பதினொன்று நாற்பது. சிட்லபாக்கம் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த டயாலிசிஸ் சென்டர் அது. கீழே ரிசப்ஷன், மேலே எட்டுப் படுக்கைகள் போட்ட ஹால். மேலே போக ஒரே மாடிப்படி, ஒரே லிஃப்ட். கட்டடம் முழுவதற்குமான மின்சார பேனலை அந்த மாடிப்படிக்கு அடியில், காலி அட்டைப்பெட்டிகளும் துடைப்பமும் கிடந்த மூலையில் வைத்திருந்தார்கள்.

இன்ஷூரன்ஸுக்காக வருஷம் ஒருமுறை எடுக்கும் தெர்மல் ரிப்போர்ட்டுக்காகத்தான் வந்திருந்தாள். ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் என்று போய், கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயர்களையும் சுவிட்சுகளையும் படம் பிடிப்பது அவள் தொழில். கண்ணுக்குத் தெரியாத சூடு அந்தக் கேமராவில் நிறமாகத் தெரியும். குளிர்ந்த இடம் நீலம், சுட்டால் ஆரஞ்சு, இன்னும் சுட்டால் வெள்ளை. லோடு இருந்தால்தான் கோளாறு வெளியே வரும் என்பதால், எட்டு மெஷினும் எல்லா ஏசியும் ஓடும் நேரமாகப் பார்த்தே வந்திருந்தாள்.

எலக்ட்ரீஷியன் மாரி கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு விலகி நின்றார். ஐம்பது வயதுக்காரர், அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அவர்தான் எலக்ட்ரீஷியன்.

திரையில் சிவப்பு வயர் நாற்பத்தாறு டிகிரி. நீல வயர் நாற்பத்து நான்கு. நடுவில் மஞ்சள் வயர், ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சில் வந்து முடுக்கியிருந்த இடத்தில், வெள்ளையாக எரிந்தது. நூற்றுப் பதினெட்டு.

சத்யபிரியா கேமராவை இறக்கி வெறும் கண்ணால் பார்த்தாள். ஒன்றுமில்லை. லேசாகப் பழுப்பேறிய உறை, அவ்வளவுதான். வெளிச்சம் ஏதாவது பட்டு ஏமாற்றுகிறதா என்று இடம் மாறி நின்று மறுபடி பார்த்தாள். நூற்றுப் பத்தொன்பது.

"இன்னா மேடம்?" என்றார் மாரி.

"மஞ்சள்ல எவ்வளவு லோடு போகுதுன்னு பாருங்கண்ணா."

மாரி கையுறை மாட்டி, கிளாம்ப் மீட்டரை வயரைச் சுற்றிப் பிடித்தார். மற்ற இரண்டையும்விட ஒரு மடங்கு அதிகம். "போன மாசம் மேல மூணு ஏசி போட்டாங்க. அவசரத்துல எல்லாத்தையும் இதுலயே குடுத்துட்டான் போலகீது" என்று முணுமுணுத்தார்.

மேனேஜர் பட்டாபிராமனைக் கூப்பிட்டார்கள். வங்கியில் ரிட்டயர் ஆகி இங்கே சேர்ந்தவர். எதையும் இரண்டு முறை படித்துவிட்டே கையெழுத்துப் போடுபவர். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"போன வருஷம் எல்லாம் நார்மல்னுதானே ரிப்போர்ட் வந்தது?"

"போன வருஷம் எடுத்தது நான் இல்ல சார். இப்ப உள்ள ஜாயின்ட் லூஸாகி வெந்துட்டிருக்கு. உடனே ஆஃப் பண்ணி சரி பண்ணணும்."

"இன்னிக்கு புதன்கிழமை. ஞாயித்துக்கிழமை லீவு. அன்னிக்கு வெச்சுக்கலாமே?"

"அது வரைக்கும் தாங்காது சார்."

"அப்ப ஜெனரேட்டருக்கு மாத்திடுங்க மாரி."

மாரி தலையை ஆட்டினார். "ஈபியா இருந்தா இன்னா, ஜெனரேட்டரா இருந்தா இன்னா சார், ரெண்டும் இந்த ஒரு முனை வழியாத்தான் மேல போவுது. அதுவும் இந்த லோடுல நான் அந்த ஹேண்டிலைத் தொட்டேன்னு வெச்சுக்க, மூஞ்சிலயே வெடிக்கும்."

பட்டாபிராமனுக்குக் கோபம் வந்தது. அதிலும் நியாயம் இருந்தது. "மேல எட்டு பேர் ரத்தம் மெஷினுக்குள்ள சுத்திட்டிருக்கும்மா. பாதியில கழட்டினா யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க? மூணு மணிக்கு இன்னும் எட்டு பேர் வர்றாங்க." டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். டாக்டர் எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். அப்போதும் எடுக்கவில்லை.

சத்யபிரியாவுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. படம் எடுத்து, சிவப்பு எழுத்தில் 'உடனடி கவனம் தேவை' என்று போட்டு அனுப்பினால் அவள் கடமை முடிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் படப்பை பக்கம் ஒரு ஃபேக்டரியில் அப்படித்தான் செய்தாள். அந்த மெயிலை அவர்கள் திறப்பதற்குள் பேனல் வெடித்து எட்மண்ட் என்கிற எலக்ட்ரீஷியனின் இரண்டு கைகளும் வெந்துபோயின. ரிப்போர்ட் சரியாக இருந்ததால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது கேட்டிருக்கலாம் என்று அவளுக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

மறுபடி கேமராவைத் தூக்கினாள். நூற்று முப்பத்தொன்று.

"மாரியண்ணா, இந்த அட்டைப்பெட்டியெல்லாம் வெளியே இழுத்துப் போடுங்க. நான் மேல போறேன்."

"பேஷண்ட்ஸை பயமுறுத்தாதீங்க!" என்று வாசலிலிருந்து பட்டாபிராமன் கத்துவது படியேறும்போது கேட்டது.

ஹால் ஜில்லென்று இருந்தது. எட்டு மெஷின், எட்டுப் படுக்கை. ஒவ்வொருவர் கையிலிருந்தும் இரண்டு சிவப்புக் குழாய்கள் மெஷினுக்குப் போய் வந்தன. சீனியர் டெக்னீஷியன் ஏஞ்சல் ஒருவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதவியாளன் ஜாய்சன் எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். சத்யபிரியா அவளை ஓரமாக அழைத்துப் படத்தைக் காட்டி, நாலே வரியில் விஷயத்தைச் சொன்னாள்.

"தானா அணைஞ்சு போகுமா, இல்ல பத்திக்குமா?" ஏஞ்சல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ரெண்டுல எதுவும் நடக்கலாம். எப்பன்னு எனக்குத் தெரியாது. பத்திக்கிட்டா, புகை இந்தப் படி வழியாத்தான் மேல வரும்."

ஏஞ்சல் படியைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தை. "ரத்தத்தைத் திருப்பி ஏத்தி ஒவ்வொருத்தரா கழட்ட அரை மணி நேரம் வேணும். கரண்ட் போனாலும் பம்ப் பேட்டரில கால் மணி நேரம் ஓடும். ஆனா எட்டு பேருக்கு அது பத்தாது. அரை மணி நேரம் குடுக்குமா அது?"

"ஏசி, லிஃப்ட் எல்லாத்தையும் நிறுத்திட்டா குடுக்கலாம்."

"சார் ஓகே சொல்லிட்டாரா?"

"இல்ல."

ஏஞ்சல் ஒரு கணம்தான் யோசித்தாள். "பேஷண்ட்டைக் கழட்டணுமா வேணாமான்னு இந்த ஹால்ல முடிவு பண்றது நான். ஜாய்சன், அந்தப் பக்கத்துலேருந்து நீ ஆரம்பி. எல்லாருக்கும் ரின்ஸ் பேக்."

ஏசிகள் ஒவ்வொன்றாக நின்றன. மே மாத வெயில் காத்திருந்ததுபோல ஜன்னல் வழியே உள்ளே வந்தது. கடைசிப் படுக்கையில் செம்பாக்கத்து கங்கையம்மாள் தலையைத் தூக்கினாள். "இன்னா பாப்பா, ஏசிய அமுக்கிட்டீங்க? எனக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கீதே!"

"கரண்ட்ல சின்ன ரிப்பேர்மா. எல்லாரையும் சீக்கிரம் விட்டுடறோம்" என்றாள் ஏஞ்சல், கை வேலையை நிறுத்தாமல்.

சத்யபிரியா ஏஞ்சலின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டபடி கீழே ஓடினாள். தெருவிலிருந்து வரும் மின்சாரத்தை அடியோடு நிறுத்தும் மெயின் சுவிட்ச் கட்டடத்துக்கு வெளியே மீட்டர் பெட்டியில் இருந்தது. மாரி பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து அவளை அவருக்குத் தெரியும். பேனலுக்கு ஆறடி தள்ளி நின்று அவள் கேமராவைப் பிடித்தாள். நூற்றுப் பன்னிரண்டு. இறங்கியிருந்தது.

"ஒருத்தர் முடிஞ்சது" என்றது போன்.

பட்டாபிராமன் உள்ளே வந்தார். "நான் இன்னும் சரின்னு சொல்லலையே" என்று ஆரம்பித்தவர், திரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நூற்றுப் பதினாறு. லோடு பாதியாகக் குறைந்த பிறகும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. அது நல்லதுக்கில்லை என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் என்ன பண்ணட்டும்?"

"மேல போங்க சார். கழட்டினவங்களை ஒவ்வொருத்தரா கைப்பிடிச்சு இறக்குங்க. படி வழியா மட்டும்."

மூன்று, நான்கு. கையில் கட்டுப்போட்ட இடத்தை அழுத்திப் பிடித்தபடி ஆட்கள் அவள் தலைக்கு மேலே படியிறங்கினார்கள். கால்கள் தடுமாறும் ஓசையும், "மெதுவா, மெதுவா" என்ற பட்டாபிராமனின் குரலும் மாறி மாறிக் கேட்டன. கருகும் பிளாஸ்டிக் நெடி மூக்கைத் தொட்டது. ஐந்து. நூற்று நாற்பது. அவள் உள்ளங்கை வியர்த்து கேமரா வழுக்கியது.

"ஆறு. ரெண்டே பேர்தான் பாக்கி" என்றாள் ஏஞ்சல்.

அப்போதுதான் பேனலுக்குள் எண்ணெயில் கடுகு விழுந்தாற்போல ஒரு பொரிச்சல் கேட்டது. நீலமாக ஒரு பொறி. மஞ்சள் வயரின் உறை கொப்புளித்து ஒழுக ஆரம்பித்தது. திரையில் எண் தாவியது. இருநூற்றுப் பத்து.

இப்போதே நிறுத்தினால் மேலே இருவரின் ரத்தம் குழாய்க்குள் இருக்கும். நிறுத்தாவிட்டால் படியோடு எரியும்.

"ஏஞ்சல்! இதுக்கு மேல முடியாது!"

"ஆஃப் பண்ணுங்க! பேட்டரி இருக்கு!"

"மாரியண்ணா!"

டக்கென்று ஒரு சத்தம். கட்டடம் முழுவதும் அடங்கிப்போனது. பேனலிலிருந்து கரும்புகை சுருண்டு வந்தது. மாரி தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரோடு ஓடிவந்து அதன்மேல் அடித்தார். அவர் அடித்து முடிப்பதற்குள் போனில் ஏஞ்சலின் குரல் மாறியது.

"இந்த மெஷின்ல பேட்டரி எடுக்கலை. பம்ப் நின்னுடுச்சு. ஜாய்சனால அங்கேருந்து கையை எடுக்க முடியாது. யாராவது மேல வாங்க!"

சத்யபிரியா இரண்டிரண்டு படியாக ஏறினாள். கங்கையம்மாளின் மெஷின்தான். திரை இருண்டிருந்தது. ஒரு டம்ளர் ரத்தம் குழாய்களில் அசையாமல் நின்றது. சீக்கிரம் ஓட்டாவிட்டால் உறைந்துவிடும். ஏஞ்சல் மெஷினின் பின்னாலிருந்து ஒரு சின்னக் கைப்பிடியை எடுத்து பம்பில் மாட்டினாள். மெஷின் கவ்வியிருந்த குழாயை விடுவித்து, டார்ச்சை அதன்மேல் பிடித்தாள்.

"இதைச் சுத்துங்கக்கா. அம்புக்குறி போட்ட பக்கமா. மெதுவா, ஒரே சீரா. காத்துக்குமிழி வருதான்னு மெஷின் இப்ப சொல்லாது, என் கண்ணாலதான் பார்க்கணும். நான் 'நில்லு'ன்னா அந்த நொடியே நிக்கணும்."

சத்யபிரியா சுற்றினாள். பம்ப் அவள் நினைத்ததைவிட கனமாக இருந்தது. சிவப்பு நகர்ந்தது. பின்னால் தெளிந்த சலைன் நீர் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"பாப்பா, நீ டாக்டரா?" கங்கையம்மாள் கண்ணைப் பாதி மூடியபடி கேட்டாள். முகமெல்லாம் வியர்வை.

"இல்லம்மா. கரண்ட் செக் பண்ண வந்தேன்."

"அப்ப இன்னாத்துக்கு என் ரத்தத்தை சுத்திகினு கீற?"

"நில்லு!" என்றாள் ஏஞ்சல்.

கை அப்படியே நின்றது. டார்ச் வெளிச்சத்தில் குழாயின் மேல்பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஏஞ்சல் குழாயை நிமிர்த்தி விரலால் இரண்டு தட்டு தட்டினாள். புள்ளி மேலே ஏறி மறைந்தது. கீழிருந்து வந்த புகை நெடி ஹாலுக்குள் பரவியிருந்தது. பட்டாபிராமன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டது.

"ம். சுத்துங்க."

எவ்வளவு நேரம் என்று சத்யபிரியாவுக்குத் தெரியாது. நாலைந்து நிமிஷம்தான் என்று பிறகு ஏஞ்சல் சொன்னாள். குழாயில் சிவப்பு வெளிறி, ரோஜா நிறமாகி, தண்ணீரானது. ஏஞ்சல் கிளிப்பை மாட்டி ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள். ஜாய்சன் தன் நோயாளியை ஏற்கெனவே நாற்காலியில் உட்கார வைத்திருந்தான். புகை கலையும்வரை ஜன்னலோரமாகக் காத்திருந்து, நாலு பேருமாகச் சேர்ந்து கங்கையம்மாளை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள்.

வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாரி கருகிய முனையைக் கழற்ற ஸ்பேனரை வைத்தார். திருக வேண்டியிருக்கவில்லை. போல்ட் பாதி உருகி அப்படியே கையோடு வந்தது. அதைத் துணியில் ஏந்திப் பட்டாபிராமனிடம் காட்டினார். அவர் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"நீங்க மேல ஏறினப்போ போலீஸைக் கூப்பிடலாமான்னு நினைச்சேன்மா" என்றார் சத்யபிரியாவிடம். "ரிப்போர்ட்ல நேரத்தையெல்லாம் அப்படியே போடுங்க. நான் ஞாயித்துக்கிழமைன்னு சொன்னதையும் போடுங்க."

"போடறேன் சார்."

ஏஞ்சல் கங்கையம்மாளின் பிரஷரைப் பார்த்து எழுதிக்கொண்டாள். எழுந்து வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "மாசாமாசம் பேட்டரி செக் பண்ணணும்க்கா. போன மாசம் அந்த ஒரு மெஷினை மட்டும் விட்டுட்டேன். ஆள் இல்ல, நேரம் இல்ல..." என்று பாதியில் நிறுத்தினாள். சத்யபிரியா அவள் தோளைத் தொட்டாள்.

"மெஷின் எடுக்கவேண்டிய ரெண்டு கிலோ தண்ணி இன்னும் உடம்புக்குள்ளயே கீது. இதுக்கு ஒரு வழி சொல்லுங்கடி" என்று கங்கையம்மாள் அதட்டினாள். ஏஞ்சல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். தாம்பரம், சேலையூர், பல்லாவரம் என்று தெரிந்த சென்டர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தாள். இந்த எட்டுப் பேர், மூணு மணிக்கு வரவேண்டிய எட்டுப் பேர், ஆக மொத்தம் பதினாறு படுக்கைகள் வேண்டும்.

மாலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு சத்யபிரியா ஏஞ்சலுக்குப் போன் செய்தாள்.

"பதினஞ்சு பேருக்கு இடம் கிடைச்சுடுச்சுக்கா. ஒருத்தருக்கு நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு. கங்கையம்மா இப்ப சேலையூர்ல மெஷின்ல இருக்காங்க. அங்கே இருக்கிற பொண்ணுகிட்ட, சிட்லபாக்கத்துல கரண்ட்காரிதான் எனக்கு டயாலிசிஸ் பண்ணினாள்னு சொல்லிட்டிருக்காங்களாம்."

ஏஞ்சல் சிரித்தாள். சிரிப்பு எங்கோ வழியில் உடைந்து அழுகையானது. இவ்வளவு நேரமும் அதற்கு அவளுக்கு நேரமில்லை. சத்யபிரியா, அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தாள்.