மாவறையில் சீமாட்டி

ரொட்டிக்கடைக்காரரின் தங்கை மாடியில் ஒரு வெள்ளை எலி வளர்த்தாள். அதற்குச் சீமாட்டி என்று பெயர். அவித்த முட்டை, பட்டாணி, ஆப்பிள் துண்டு என்று கையால் ஊட்டி ஊட்டி அதைச் செல்லமாக்கியிருந்தாள்.

கீழே மாவறையில் தெரு எலிகள் மூட்டைகளைக் கிழித்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"கீழே எலியோட மல்லுக்கட்டுறோம், மேலே எலிக்கு விருந்து நடக்குது" என்று அண்ணி முணுமுணுப்பாள்.

ஒருநாள் காலையில் கூண்டு திறந்து கிடந்தது. தேடிக்கொண்டே கீழே வந்தவள், மாவறைக் கதவின் அடியிலிருந்த இடைவெளியைப் பார்த்து நின்றாள்.

"அண்ணி, உள்ளே ஏதும் வச்சிருக்கீங்களா?"

"நேத்து விஷ உருண்டை வச்சேன். ஏன்?"

தங்கை மாவறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"தெரு எலி புதுசா எதைக் கண்டாலும் லேசா கடிச்சுட்டு, உடம்புக்கு ஒத்துக்குதான்னு பார்க்கும். சீமாட்டிக்கு அந்தச் சூதுவாது கிடையாது. கண்ணுல பட்டதெல்லாம் நான் வச்சதுன்னு நினைச்சுத் தின்னுடும்."

"அடுப்புல ரொட்டி வேகுது. இப்ப போய் மாவறையைக் கவிழ்க்கச் சொல்றியா?"

"நீங்க அடுப்பைப் பாருங்க. எல்லா உருண்டையையும் பொறுக்காம நான் வெளியே வரமாட்டேன்."

கையுறை மாட்டிக்கொண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். மூச்சு வாங்கியது; தலையெல்லாம் மாவு. வாசலில் நின்று பார்த்த அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"அங்க இல்லடி, தராசுக்குப் பின்னால! நகரு, வச்சவளுக்குத்தானே தெரியும்" என்று அவளும் உள்ளே இறங்கினாள்.

கடைசி மூட்டைக்குப் பின்னால் சீமாட்டி சாவகாசமாக முகம் துடைத்துக்கொண்டிருந்தது. மீசையில் நீலத் தூள். பக்கத்தில் பாதி கடித்த உருண்டை.

கால்நடை மருத்துவர் ஊசி போட்டார். "ரத்தம் உறையவிடாத விஷம் இது. சீக்கிரமே கொண்டு வந்ததால பிழைக்க வழி இருக்கு. ஆனா நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது."

அந்த மருந்துதான் பெரும்பாடாகிவிட்டது. முட்டையில் வைத்தால் முட்டையை மட்டும் தின்று மருந்தைத் துப்பியது. ஆப்பிளைத் தொடவே இல்லை. தங்கை விடவில்லை, மடியில் போட்டுக்கொண்டு கெஞ்சினாள், அதட்டினாள், மறுபடி கெஞ்சினாள். கண் கலங்கியதே தவிரக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

அண்ணி ஒரு கிண்ணத்தோடு மாடியேறி வந்தாள். வாழைப்பழத்தை வெண்ணெயோடு மசித்து, அதில் மருந்தைக் குழைத்திருந்தாள்.

"இந்தா, தின்னு. விஷம் வச்ச கைதான். இது மருந்து."

சீமாட்டி மோந்து பார்த்தது. பிறகு அவள் விரலைச் சுத்தமாக நக்கியது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருந்து முடிந்தபோது சீமாட்டி இளைத்துப்போயிருந்தது, ஆனால் கூண்டுக்குள் பழையபடி ஓடியது. அண்ணி அதன்பிறகு விஷம் வாங்கவில்லை. மாவையெல்லாம் மூடி போட்ட தகர டிரம்முக்கு மாற்றி, கதவின் அடியில் தகடு அடிக்கச் சொன்னாள்.

"தீனி கிடைக்காத இடத்துல எலிக்கு என்ன வேலை?" என்றாள் கணவனிடம். "ஆணியை நெருக்கமா அடிங்க."