நீலத் தண்ணியின் சாட்சி

என்னைப் பொய்க்காரி என்று நேருக்கு நேர் சொன்ன ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் என் வீட்டுக்காரர் இன்னாசி. ஞானஸ்நானச் சீட்டில் இக்னேஷியஸ் என்று இருக்கும். ராயபுரத்தில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் வீடு கிடைக்காது. அறுபத்தெட்டாம் வருஷம் அவர் சொன்ன வார்த்தை அது. நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். பிறகு சிரிப்பு வரும். அதற்கும் பிறகு வருவதை நான் யாரிடமும் காட்டுவதில்லை.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்கிற மனுஷன், அந்தக் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால் கோதுமை மூட்டைகளைத் தூங்கும் பிள்ளையை இறக்குவது போல இறக்குவார். "மேல இருந்து பாத்தா நம்ம மாடில காயற துணி தெரியுது ரோசி," என்பார். நம்பினேனோ இல்லையோ, அவருக்குக் காலை ஷிஃப்ட் என்றால் என் சிவப்புச் சேலையைத்தான் கொடியில் போடுவேன்.

அந்த வருஷம் மே மாதம், வருஷாந்தரப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. துறைமுக டாக்டர் நல்லவர்தான், ஆனால் கறார். "சாப்பாட்டைக் கட்டுப்படுத்து. ஒரு மாசம் கழிச்சு வா. அப்பவும் மூத்திரத்துல சர்க்கரை இருந்தா கிரேன்ல ஏற விடமாட்டேன்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏறவிடாவிட்டால் கீழே ஷெட்டில் ஏதாவது லேசான வேலை தருவார்கள். சம்பளம்கூடப் பெரிதாகக் குறையாது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கல்மண்டபத்தில் லூர்து கம்பவுண்டர் இருந்தார். அவர்தான் ஒரு புட்டி நீல மருந்தும், டெஸ்ட் டியூபும், ஸ்பிரிட் விளக்கும் கொடுத்து வழி சொல்லித்தந்தார். டியூபில் கொஞ்சம் நீலத் தண்ணி, அதில் எட்டுச் சொட்டு மூத்திரம், கொதிக்கவிட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், செங்கல் நிறம் வந்தால் நிறைய. தினம் காலையில் இது என் வேலை. கல்யாணத்தன்று பாதிரியார் இன்பத்திலும் துன்பத்திலும் என்று சொல்லிக்கொடுத்தாரே தவிர, இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

காப்பிக்குச் சர்க்கரையை நிறுத்தினேன். பதிலுக்குச் சாக்கரின் மாத்திரை, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. முதலில் தித்திக்கும், பின்னாலேயே நாக்கில் ஒரு கசப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார். இரண்டு வாரத்தில் செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. நான் வியாகுல மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

அப்போதுதான் அப்துல் வஹாப் அந்த டப்பாவைக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர், இவருடைய பழைய தோஸ்து. கப்பல் சமையல்காரனிடம் கேட்டு வாங்கிய வெளிநாட்டு பிஸ்கட்.

"சக்கர வியாதிக்காரனுக்குன்னே செஞ்சது மாமு. சக்கரையே கெடையாது. டப்பாமேலயே எழுதிகீறான், பாரு."

சர்க்கரை இல்லை என்றால் பயமும் இல்லை என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். இவர் அதை மருந்தாகவே எடுத்துக்கொண்டார். காலையில் நாலு, மத்தியானம் நாலு, ராத்திரி நாலு. டப்பா தீர்ந்ததும் வஹாப் இன்னொன்று கொண்டுவந்தார்.

ஒரு வாரத்தில் டியூப் மறுபடி மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சு ஆனது. டாக்டரைப் பார்க்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"இன்னா ரோசி இது?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்? சொன்னபடிதான் செய்றேன்."

அவர் டம்ளரில் இருந்த காப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து போய் டியூபைக் கழுவி, நீலத் தண்ணி ஊற்றி, என் கண் எதிரிலேயே காப்பியில் எட்டுச் சொட்டு எடுத்து அதில் விட்டார். கொதித்தது. நீலம் கலங்கி மஞ்சளாகி, அடியில் செங்கல் நிறம் படிந்தது.

"நான் மூஞ்ச சுளிக்கிறது உனக்குப் பொறுக்கல. பாவம் பாத்து சக்கர போட்டுகினு கீற. போட்டுட்டு மாத்திரன்னு பொய் சொல்ற. பொய்க்காரி. என் கிரேனு போவப்போவுது, உனுக்குத் தெரியுதா?"

நான் ஒரு சிட்டிகை போட்டதில்லை. போட வேண்டும் என்று மனசு துடித்த நாளிலும் போட்டதில்லை. அதுவரை அவரை 'இந்தாங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று வாயில் வேறு வந்தது.

"யோவ், இங்க உக்காரு," என்றேன்.

டியூபைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். காப்பியில் நான் போட்டது மூன்றே மூன்று: டிகாஷன், பால், மாத்திரை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தேன். டிகாஷன் சிவக்கவில்லை. மாத்திரையைக் கரைத்து விட்டேன், நீலம் அசையவில்லை. வெறும் பாலை விட்டேன். அப்படியே செங்கல் நிறம்.

இன்னாசி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ரேஷன் சர்க்கரையை ஒரு ஸ்பூன் கரைத்து அதையும் விட்டேன். கொதிக்கக் கொதிக்க நீலமாகவே நின்றது. பிஸ்கட்டைப் பொடித்து விட்டேன். அதுவும் நீலம்.

"சக்கரையே நீலமா கீது. அப்போ இந்தத் தண்ணிக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் மெதுவாக.

"தண்ணிக்கா உனக்கான்னு போய்க் கேட்டுட்டு வருவோம், கெளம்பு."

பிஸ்கட் டப்பாவோடு லூர்து கம்பவுண்டரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மூத்திரத்துக்குக் குடுத்தத காப்பில ஊத்துவாங்களா நைனா? பால்ல தனியா ஒரு சக்கர கீது, அத்த இது காட்டும். கடச் சக்கரைய காட்டாது. அதுக்காவ கடச் சக்கர நல்லதுன்னு அர்த்தம் இல்ல, வயித்துல போனா அது வேலையக் காட்டிடும். மாத்திர ஒண்ணும் பண்ணாது." டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது எதுல செஞ்சது?"

"மாவுல," என்றேன்.

"மாவு உள்ள போனா இன்னா ஆவும்? சக்கரதான் ஆவும். சோறும் அப்டித்தான். சக்கர போடலன்னு எழுதிகீறானே தவிர, உனக்கு ஏறாதுன்னு எழுதல. ஒரு நாளைக்கு எத்தினி துன்றே?"

இன்னாசி என் முகத்தைப் பார்த்தார். நான்தான் பன்னிரண்டு என்றேன்.

டப்பாவை வஹாபிடமே திருப்பிக் கொடுத்தோம். சோற்றைப் பாதியாக்கினேன், தட்டின் மறுபாதியில் கீரையும் மீனும் வைத்தேன், பாலையும் அளந்தேன். ஆரஞ்சு மஞ்சளாகி, பச்சையாகி, டாக்டரிடம் போகிற அன்று காலையில் நீலமாக நின்றது. நான் அந்த டியூபைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். சாயந்தரம் வந்து, "ஏறச் சொல்லிட்டாரு," என்றார். அவ்வளவுதான். சொன்ன வார்த்தைக்கு ஒரு மன்னிப்பு இல்லை. நானும் கேட்கவில்லை, மறக்கவும் இல்லை.

ஜூலை கடைசி நாள் இன்னாசியார் திருநாள், அவருடைய பெயர் கொண்ட விழா. பூசை முடிந்து வந்து உட்கார்ந்தார். அன்று மத்தியானத்துக்குச் சோற்றில் ஒரு பிடி குறைத்துவிட்டு, காப்பியில் ஒரு ஸ்பூன் நிஜச் சர்க்கரை போட்டேன். அந்த வருஷத்துக்கு அந்த ஒரு ஸ்பூன்தான்.

ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். நாக்கில் கசப்பு வரவில்லை என்பது அவருக்குத் தெரியாதா?

"மாத்திரதானே ரோசி?"

"மாத்திரதான்."

அலமாரியில் டியூபும் நீலப் புட்டியும் எதிரிலேயே இருந்தன. அவற்றை ஒரு தடவை பார்த்தார். பிறகு டம்ளரை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"நீ சொன்னா சரி," என்றார்.

அந்த வார்த்தைக்காக ஜூன் மாதத்திலிருந்து காத்திருந்தேன். அதை நான் பொய் சொன்ன அன்றுதான் கொடுத்தார்.