மணிக்கட்டில் கேட்ட அழுகை

சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் நுஸ்ரத்தின் செவிப்புலனைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு அவள் கைகளால்தான் கதைத்தாள். கல்முனைக்குடியில் அவளிடம் அபாயா தைக்கக் கொடுக்க வருபவர்கள் கேற்றில் உள்ள பெல்லை அழுத்தினால், தையல் மெசினுக்கு மேலே தொங்கும் பல்ப் விட்டுவிட்டு மின்னும். அதைச் செய்தவள் அவளேதான். வீடியோ பார்த்துப் படித்து, மெயின் சுவிட்சை நிறுத்தி, வைஃபையில் இயங்கும் சின்ன ரிலே சுவிட்ச் ஒன்றைப் பூட்டினாள். கணவன் றஸாக்கின் பங்கு டோர்ச் பிடித்தது மட்டும்.

மகள் ஆதிலா பிறந்த பிறகு றஸாக் சில வாரம் கரையில் நின்றான். பிறகு ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் மீன்பிடிப் படகில் ஏறினான். அன்றைக்கே நுஸ்ரத்தின் ராத்தா ஜெனூபா உடுப்புப் பையோடு வந்துவிட்டாள்.

"புள்ளையத் தூக்கிக்கிட்டு என்ட ஊட்ட வா," என்றாள், தங்கச்சி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி மெதுவாக. "புள்ள நடக்கிற வயசு வாற மட்டும் அங்க இரி. அழுதா ஒனக்குக் கேக்காதுதானே."

நுஸ்ரத் தலையை அசைத்து மறுத்தாள். வீடு அவளுடையது. தொழிலும் இங்கேதான். "கொஞ்ச நாள் பொறுங்க ராத்தா. எனக்கு விளங்கிற மாதிரி ஒண்டு செய்றன்," என்று கைகளால் சொன்னாள்.

"அது பிழைச்சு, வேலை செய்யாட்டி வருவியா?"

"ஓம். வாறன்."

ஒன்லைனில் வாங்கிய சின்ன மைக் ஒன்றைத் தொட்டில் கட்டியிருந்த கம்பியில் பொருத்தினாள். பழைய போனைப் பிரித்து, அதிர்கிற மோட்டாரை எடுத்து, சிறிய பட்டரியோடும் வைஃபை ரிசீவரோடும் சேர்த்து ஒரு துணிப்பட்டிக்குள் வைத்துத் தைத்தாள். பிள்ளை அழுதால் மைக் செய்தி அனுப்பும், பட்டி கையில் அதிரும். கறண்ட் போனாலும் வேலை செய்யும்படி மைக்கையும் வைஃபை ரவுட்டரையும் பவர் பேங்கில் இணைத்தாள்.

முதல்நாள் பட்டி அதிர்ந்தபோது அவள் ஓடினாள். ஆதிலா தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெனூபா வாசலில் நின்று சிரித்தாள்.

"பாங்கு சொல்றாங்க. தொழுகைக்குக் கூப்பிட நல்ல சாமான்தான்."

பிறகு மீன்காரரின் ஹோர்னுக்கும் அதிர்ந்தது. ஜெனூபா சிரிப்பதை விட்டுவிட்டாள். "போதும் நுஸ்ரத். நாளைக்கு வெளிக்கிடுவம்," என்றாள்.

அன்று மாலை ஆதிலா பசியில் அழுதபோது, நுஸ்ரத் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே போனைப் பார்த்தாள். மைக் பிடிக்கும் சத்தம் திரையில் கோடாக ஓடியது. கோடு உயர்ந்தது, மூச்சு வாங்கும் இடத்தில் விழுந்தது, மறுபடியும் உயர்ந்தது. தன் மகளின் குரலை அவள் முதன்முறையாகக் கண்டாள். பால் கொடுக்க வேண்டும் என்பதையும் மறந்து ஒரு கணம் அதையே பார்த்திருந்தாள்.

பாங்கின் கோடு அப்படியில்லை. அது நீண்டு நின்று மெல்ல இறங்கியது. ஹோர்ன் குத்தென்று எழும்பி அடங்கியது. உயர்ந்து விழுந்து, திரும்பத் திரும்ப அதே வேகத்தில் உயரும் சத்தத்துக்கு மட்டும் அதிரும்படி அவள் மைக்கை இயக்கும் புரோகிராமின் கட்டளைகளை மாற்றி எழுதினாள். அடுத்த பாங்குக்குப் பட்டி அசையவில்லை.

மறுநாள் காலை ஜெனூபா குசினியில் கிரைண்டரில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். நுஸ்ரத் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். மணிக்கட்டு அதிர்ந்தது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு அவள் உள்ளே ஓடுவதைக் கண்டு ஜெனூபாவும் கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பின்னால் போனாள்.

கொசு வராமல் தொட்டிலைச் சுற்றிக் கட்டியிருந்த நுளம்புவலைக்குள் ஆதிலாவின் கால் சிக்கி இறுகியிருந்தது. முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தாள். நுஸ்ரத் வலையைத் தளர்த்தி, காலை விடுவித்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். காலில் ஒரு சிவந்த தடம், அவ்வளவுதான்.

ஜெனூபா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கேக்கல்ல நுஸ்ரத்," என்றாள். "அடுத்த அறைக்குள்ளதான் நிண்டன். கேக்கவே இல்ல."

நுஸ்ரத் பிள்ளையின் முதுகைத் தடவியபடி ஒரு கையால் பதில் சொன்னாள். "கிரைண்டர் போட்டா ஆருக்கும் கேக்காது ராத்தா."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெனூபா பையை எடுத்தாள். நுஸ்ரத் அவசரமாக வழிமறித்து, கோபமா என்று கேட்டாள்.

"கோவமொண்டுமில்ல. எனக்கும் ஊட்ட வேலை இரிக்கி. நீ இஞ்ச இரி, ஒன்ட ஊட்ட," என்றாள் ஜெனூபா. ஆதிலாவைக் கொஞ்சிவிட்டு, கேற்றைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். நுஸ்ரத் உள்ளே வந்து, பாதியில் கிடந்த அபாயாவின் கையை மெசினில் வைத்துத் தைக்கத் தொடங்கினாள்.