பதினேழாம் எண் மூளை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று மாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஒரு மூளையின் படம். சாம்பல் நிற மூளைக்குள் ஆரஞ்சு நிறத்தில் நான்கைந்து திட்டுகள். கீழே பேனாவால் 17 என்று எழுதியிருக்கும். அது என் மூளை. ஆரஞ்சு நிறம், என் மனைவியின் முகத்தைப் பார்த்தபோது எனக்குள் நடந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வரை இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் செவ்வாய்க்கு முன்பே கதையை எழுத ஆரம்பித்துவிட்டேன் என்பதுதான் சிக்கல்.

2

முதல் தொடக்கம்:

“அவளைவிட அவன் அதிகமாக நேசித்தான். இதை அவன் சொல்லவில்லை, இயந்திரம் சொன்னது.”

(அடித்துவிட்டேன். எழுதிய அன்று இது உண்மை. பிறகு பொய்யாகிவிட்டது.)

இரண்டாவது தொடக்கம்:

“பதினெட்டாம் எண்ணுக்குரிய பெண், கணவனின் முகத்தைப் பார்த்தபடியே உறங்கிப்போ

(இந்த வாக்கியத்தின் நடுவில்தான் தொலைபேசி அடித்தது. முடிக்கவில்லை. முடிக்கவும் கூடாது.)

இனி ஒழுங்காக, நடந்த வரிசைப்படியே சொல்லிவிடுகிறேன்.

3

என் மனைவியின் தம்பி மூளை ஆராய்ச்சி மாணவன். வயது முப்பத்தொன்று ஆகியும் மாணவன்தான். எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற பெரிய காந்தக் குழாய்க்குள் ஆளைப் படுக்கவைத்து, ஒரு வேலையைச் செய்யும்போது மூளையின் எந்தப் பகுதிக்குக் கூடுதலாக ரத்தம் ஓடுகிறது என்று பார்ப்பது அவன் ஆராய்ச்சி. நெடுநாள் தம்பதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது ரத்தம் எங்கே போகிறது என்பது அவனுடைய கேள்வி.* எங்களிடம் கேட்டிருந்தால் தலைக்கு ஏறுகிறது என்று அப்போதே சொல்லியிருப்போம். எங்களுக்குத் திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள். [இருபத்து மூன்று. — கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் வேறொருவர் செய்த திருத்தம். யார் என்று பின்னால் தெரியும்.]

*படத்தில் இருக்கும் நிறம் மூளைக்குள் கிடையாது. நூற்றுக்கணக்கான படங்களை ஒப்பிட்டுக் கணினி பூசுகிற நிறம். மச்சினன் இதை என்னிடம் பதினோரு முறை சொல்லியிருக்கிறான். நிறம் எனக்குச் சாதகமாக இருந்ததால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஆள் கிடைக்கவில்லை.

“அத்தான், நீங்களும் அக்காவும் வாங்க. அரை மணி நேரந்தான். சும்மா படுத்திருந்தா போதும்.”

சும்மா படுத்திருப்பது எனக்குக் கைவந்த கலை. கதைக்கும் ஏதாவது தேறும் என்று ஒப்புக்கொண்டேன். விண்ணப்பத்தில், வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் என்று போட்டிருந்தது. என் மனைவி இடது கைக்காரி.

“அக்கா, வலதுன்னு டிக் போட்டுடு. ஆளே கிடைக்கல.”

“தப்பா எழுத மாட்டேன்டா,” என்றாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். குழாயில் ஒட்டிய பெயரும் ஆளின் பெயரும் ஒன்றுதானா என்று நாள் முழுவதும் சரிபார்ப்பதுதான் அவள் பிழைப்பு. கடைசியில் தம்பியே டிக் போட்டான்.

4

அந்த அறையைச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் இயந்திரத்தை இயக்கும் ஆபரேட்டர் அம்மா. மூன்றடி தள்ளி மற்றொன்றில் மச்சினன், புகைப்படங்களைத் திரையில் காட்டும் கணினியோடு.

(ஆபரேட்டர் அம்மாவுக்கு இரண்டாவது வரைவில் ஒரு பழைய சோகத்தைக் கொடுத்திருந்தேன். ஒட்டவில்லை. அவர் பட்டியலில் இருப்பதைப் பட்டியலில் இருக்கும் வரிசையில் செய்பவர், அவ்வளவுதான். இந்தக் கதைக்கு அதுவே போதும்.)

பட்டியலில் நான் 17, அவள் 18. இருவருக்கும் வலது நெற்றிப்பொட்டில் ஆளுக்கொரு மீன் எண்ணெய் மாத்திரையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். படத்தில் இடம் வலம் மாறிப்போவது இந்தத் தொழிலின் பழைய வியாதியாம். எண்ணெய் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், புள்ளி இருக்கும் பக்கம் வலது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் குழாயைப் பார்த்தேன். ஆள் நுழைகிற அகலம் அதற்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

“நீ முதல்ல போ,” என்றேன்.

“ஏன்?”

“லேடீஸ் ஃபர்ஸ்ட்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதும் அளவுக்கு எனக்கு எழுத்து வராது. போய்ப் படுத்தாள். முகம் ஒன்று வரும்போதெல்லாம் அழுத்துவதற்கு ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். அவள் இடது கையை நீட்டினாள், இடது கையில் கொடுத்தார்கள். மச்சினன் சரியாக என் புகைப்படத்தையும், நடுநடுவே முன்பின் தெரியாத ஆட்களின் முகங்களையும் காட்டினான். ஆபரேட்டர் அம்மா பட்டியலில் அடுத்து இருந்த எண்ணைப் போட்டு இயந்திரத்தை ஓட்டினார். 17.

ஆள் மாறியதை மச்சினன் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. எல்லாம் அந்த மூன்றடி இடைவெளியில் நடந்தது.

பிறகு நான் போனேன். உள்ளே தகரத்தில் சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம். அவள் முகம் வந்தது, யாரோ ஒருத்தி வந்தாள், மறுபடி அவள் வந்தாள். “முடிஞ்சுது சார், எழுந்திருங்க” என்று குரல் கேட்டது. நேரம் போனதே தெரியவில்லை என்று வெளியே வந்து எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

5

“அவரோட படத்தைக் குடுடா,” என்று தம்பியை அரித்தெடுத்து, என் மனைவி 17-ஐ வாங்கிவந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் விரலை வைத்துக் காட்டுவாள்.

“இது இவரோட மூளை. இந்த ஆரஞ்செல்லாம் நான். இத்தனை வருசத்துல வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. மண்டையத் தொறந்துதான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு.”

சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே விருந்தாளிகளை வரச் சொன்னேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மச்சினனைத் தனியே பிடித்து, “18 எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன். அவன் இழுத்தான்.

“அக்கா தூங்கிட்டா அத்தான். மனசுல வச்சுக்காதீங்க.”

வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? என் முகத்தைப் பார்த்துத் தூங்கியிருக்கிறாள். ஆனாலும் மன்னித்தேன். மூன்று மாதம் எங்கள் வீட்டில் சண்டை இல்லை. எதைச் சொன்னாலும் விட்டுக்கொடுத்தேன். அதிகமாக நேசிப்பவன்தானே விட்டுக்கொடுக்க வேண்டும்? அந்தத் தியாகத்தைப் பற்றி ஒரு கதை எழுதவும் உட்கார்ந்தேன். மேலே இரண்டாம் பகுதியில் செத்துக் கிடப்பது அதுதான்.

6

அந்தச் செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் மச்சினன்.

“அத்தான், நீங்க எந்தக் கையால எழுதுவீங்க?”

“வலது. ஏன்?”

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

“17-ல பொத்தானை அழுத்தின விரலோட இடம் வலது மூளையில வருது. வலது மூளைதான் இடது கையை ஆட்டும். படம் இடம் வலமாத் திரும்பிருச்சு போலன்னு நானும் ரெண்டு நாள் திருப்பித் திருப்பிப் போட்டேன். ஆனா மாத்திரை சரியா வலது பக்கந்தான் இருக்கு. படம் சரி அத்தான். ஆளுதான் மாறிடுச்சு.”

“அப்ப 17 யாரு?”

“அக்கா. அன்னிக்கு அவதான் முதல்ல படுத்தா, நான் பட்டியலை நம்பிட்டேன்.”

“18?”

“நாலாவது நிமிசத்துக்கு அப்புறம் பொத்தானே அழுத்தல அத்தான்,” என்றான், மிக மரியாதையாக.

அவன் கவலை வேறு. இடது கைக்காரர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. “ஆய்வுலயே அழகான படம் அக்காவோடதுதான். அதைத்தான் தூக்கிப் போடணும். நீங்க அடுத்த வியாழக்கிழமை மறுபடி வந்து படுங்க. அக்காகிட்ட நான் சொல்லவா?”

“நானே சொல்றேன்,” என்றேன். சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

7

முடிவு அ: கணவன் எல்லாவற்றையும் சொல்கிறான். மனைவி தேம்பி அழுகிறாள். (இவள் நான் கற்பனையில் கட்டிவிட்ட பெண். என் மனைவி தேம்புபவள் அல்ல.)

முடிவு ஆ: அவன் சொல்வதே இல்லை. படம் அங்கேயே பழுப்பேறிப்போகிறது. (நல்ல முடிவு. ஆனால் அதே வீட்டில் நான் பால் எடுக்க வேண்டுமே.)

முடிவு இ: ஃப்ரிட்ஜ் பழுதாகிறது, பழைய (வெட்கக்கேடு.)

வெட்கமாகத்தான் இருந்தது. தன்னுடைய அன்பையே என்னுடையது என்று நினைத்து மூன்று மாதம் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் நான்கு நிமிடம்தான் இருந்தது. எழுதியவரைக்கும் உள்ள தாள்களைச் சாப்பாட்டு மேசையில் அவள் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, ரொட்டி வாங்கிவரப் போனேன். ரொட்டி வீட்டில் இருந்தது.

8

திரும்பி வந்தபோது அவள் தாள்களோடு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் பேனா.

“இருபத்து மூணு வருசம்,” என்றாள்.

“திருத்திடறேன்.”

“அந்தச் சத்தத்துலயா தூங்கினீங்க?”

“உன் முகத்தைப் பாத்ததும் ஒரு நிம்மதி வந்து…”

“அதைக் கதையில போடுங்க. எங்கிட்ட வேணாம்.”

எழுந்து ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். படத்தைப் புதிதாகப் பார்ப்பவள்போல ஆரஞ்சுத் திட்டுகள் ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

“இவ்வளவா,” என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

அவள் படத்தைக் கதவிலிருந்து எடுத்தாள். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு சாண் தள்ளி, மறுபடி ஒட்டினாள். பக்கத்தில் இன்னொரு படம் ஒட்டுகிற அளவுக்கு இடம் இருந்தது.

“வியாழக்கிழமை போங்க. காபி குடிச்சுட்டுப் போங்க.”

“குடிக்கக் கூடாதாம். ரத்த ஓட்டம் மாறிடுமாம்.”

“அப்ப முந்தின நாளே தூங்கித் தொலைங்க.”

9

போனேன், தூங்கவில்லை. அரை மணி நேரத்தில் அவள் முகம் முப்பது முறை வந்திருக்கும். அந்த முகத்தை வேறு எந்த வேலையும் இல்லாமல் இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. இடது புருவத்தில் ஒரு சிறிய வெட்டுத் தழும்பு இருக்கிறது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளில் கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. தலையை அசைக்கக் கூடாது என்பதால் துடைக்க முடியாமல், கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது.

“சார், அசையாதீங்க,” என்றார் ஆபரேட்டர் அம்மா.

10

படம் வந்துவிட்டது. தம்பியிடம் சொல்லிவைத்து அவள் கையிலேயே வாங்கிக்கொண்டாள். பார்த்தாள், சிரித்தாள், மடித்துக் கைப்பையில் வைத்தாள். வேலைக்குப் போகும்போதும் கொண்டுபோகிறாள். ஃப்ரிட்ஜில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

“என்ன வந்துச்சு?”

“கதையை முடிங்க, காட்டறேன்.”

“படத்தைப் பாக்காம எப்படி முடிக்கிறது?”

“நீங்கதான எழுத்தாளர்?”

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையாகிவிட்டது. மச்சினன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். தூங்கி வழிந்த அத்தானைவிட அக்காவிடம்தான் அவனுக்குப் பயம் அதிகம். படம் நிறைய ஆரஞ்சு என்று ஒரு முடிவும், வெறும் சாம்பல் என்று ஒரு முடிவும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் படித்துவிட்டு, “இது முடிவில்ல, ஊகம்,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆகவே வாசகரே, முடிவு உங்கள் பொறுப்பு. எந்த நிறம் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு உதவி. இடது புருவத்தில் தழும்புள்ள ஒரு பெண் உங்களிடம் வந்து, கதை முடிந்துவிட்டதா என்று கேட்டால், முடிந்துவிட்டது, நன்றாகவே முடிந்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.