இலையில் படுத்தவள்

சாத்தூர்க் கல்யாண மண்டபத்தில், முன்னால் விரித்த வாழையிலையை முத்துமாரி ஒதுக்கித் தள்ளினாள். "எனக்கு ஒரு தட்டு குடுங்கய்யா."

எதிர்வரிசையில் ஒருத்தி நொடித்தாள். "மதினிக்குப் பவிசு இன்னும் கொறையலயே!"

பவிசாம், பவிசு! இலையைக் கண்டாலே முத்துமாரிக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடும் என்பது இவளுக்கு எங்கே தெரியும்? தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வெடித்தபோது, வெந்த உடம்பு துணியில் ஒட்டிக்கொள்ளும் என்று வார்டில் வாழையிலை விரித்துத்தான் படுக்கப் போட்டார்கள். கண்ணை மூடினால் போதும், மண்டபத்து மேளம் எங்கோ அடியில் இறங்கிவிடும். பச்சை வெளிச்சம், பச்சை வாசனை. காய்ச்சலில் கட்டில் மெல்ல மிதக்கும். பக்கத்துக் கட்டிலில், கம்பெனியில் அவளோடு ஒரே அறையில் பட்டாசுக்கு மருந்து செலுத்திய செல்லத்தாயும் மிதந்து வருவாள். "ஏட்டி, தூங்கிட்டியா?" என்பாள். தினமும் காலையில் இலை மாற்றுவார்கள். ஒருநாள் செல்லத்தாய்க்கு மாற்றவில்லை. அவளை அந்த இலையோடேயே தூக்கிக்கொண்டு போனார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அனுப்பிரியா மருத்துவ வரலாறு படிக்கிறவள். இந்த வட்டாரத்தில் தீக்காய வைத்தியம் வளர்ந்த கதைதான் அவளுடைய ஆராய்ச்சி. "முன்னெல்லாம் டாக்டர்மாரு கதைய டாக்டர்மாரே எழுதிக்கிட்டாக. நோயாளி சொல்றதும் வரலாறுன்னு பெறகுதாம்மா ஒத்துக்கிட்டாக" என்று தலைகீழாக நின்று கேட்டுப் பார்த்துவிட்டாள். அம்மா வாயைத் திறந்தால்தானே! அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

தட்டு வந்தது. அனுப்பிரியா தணிந்த குரலில் சொன்னாள். "இனி கேக்க மாட்டேம்மா. இருக்கிறத வச்சு முடிச்சிட்டேன். அதுல டாக்டர் இருக்காரு, எலை இருக்கு. எலைமேல கெடந்தவுகதான் ஒருத்தர்கூட இல்ல."

முத்துமாரிக்குச் சுருக்கென்றது. ஒருத்தர்கூட இல்லையா? அப்போ செல்லத்தாய்? பிள்ளைகுட்டி இல்லாதவள். தானும் வாயை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்தால், அப்படி ஒருத்தி இருந்தாள் என்று சொல்லவே நாதி இருக்காது.

தட்டைத் தள்ளிவிட்டு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"செல்போன எடு தாயி. பேசுறதப் பிடி."

"சாப்பிட்டுட்டுச் சொல்லும்மா."

"சோறு எங்க போகுது? செல்லத்தாய்னு ஒருத்தி. மொதல்ல அவ பேர எழுது. என் பக்கமாத் திரும்பிப் படுக்கணும்னு அவளுக்கு அம்புட்டு ஆசை. முடியல..."

சோற்று வாளியோடு வந்தவரைக் கையமர்த்தினாள். அந்தக் கை அப்படியே இலையில் இறங்கிப் படிந்தது. குளுகுளுவென்று இருந்தது. பந்தி ரசத்துக்குப் போய்விட்டது. அந்த ஓர் இலையில் மட்டும் தெளித்த தண்ணீர் அங்கங்கே உருண்டு நின்றது.